மார்பிலிருந்து தாடைக்கு ஏறிய பிடில்

நான் வேலை செய்த மண்டபத்தில் மேடைத் தரையில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டார்களாம். இனிப் பாடுகிறவர்கள் காதுக்குள் சின்னக் கருவி ஒன்றைச் செருகிக்கொண்டு, தங்கள் கைபேசியிலேயே தங்களுக்கு வேண்டிய ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். நடுவில் ஓர் ஆள் தேவையில்லை. இதைத் தொலைபேசியில் சொன்னவள் அபிராமி. லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இப்போது அந்த மண்டபத்தில் ஒலி வேலை பார்க்கிறாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்: "அங்கிள், நீங்க மொனிட்டர்ல இருந்த ஆள்தானே? பேந்து ஏன் முன்மேசைக்கு மாறினீங்க? ஆளாளுக்கு ஒரு கதை சொல்லினம்."

ஆளாளுக்கு ஒரு கதை இருந்தால் என்னுடையதும் அதில் ஒன்றாக இருக்கட்டும். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

மொனிட்டர் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் சனத்தைப் பார்த்து நிற்பவை. மேடையில் நிற்கிறவருக்குத் தன் குரல் தனக்கே வடிவாகக் கேட்காது. அதற்காக அவரவர் காலடியில் ஒரு சரிந்த பெட்டி வைத்து, அவரவர் கேட்கிற கலவையை அதில் அனுப்புவோம். ஒருவருக்குத் தன் குரல் போதும். இன்னொருவருக்கு ட்ரம்ஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும். சனத்துக்குக் கேட்கிற ஒலியைப் பார்ப்பவர் மண்டபத்தின் நடுவே முன்மேசையில் நிற்பார். மேடைக்காரர்களின் ஒலியைப் பார்க்கிறவன் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், வேறொரு மேசையோடு ஒதுங்கி நிற்பான். அந்த ஓரத்து ஆள்தான் நான்.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. ஜெர்மனியில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ஒரு நடன மண்டபத்தில் பெட்டி தூக்கினேன். பெட்டி தூக்கினவன் வயர் சுற்றப் பழகினான், வயர் சுற்றினவன் மேசைக்காரனுக்குப் பின்னால் நின்று பார்க்கப் பழகினான். அந்த நாட்டுக் கடவுச்சீட்டுக் கையில் கிடைத்தபோது வேலையும் ஓரளவு கைக்குள் வந்திருந்தது. மனைவி வசந்தியின் சகோதரங்கள் எல்லாம் நோர்பரியில் இருந்தபடியால் லண்டனுக்கு வந்தோம். குரோய்டனில் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் விசாக் கடிதங்களோடு வரிசையில் நிற்பார்கள். நான் அவர்களைத் தாண்டி, ட்ராம் பாதையைக் கடந்து, எங்கள் மண்டபமான பழைய நடனக்கூடத்துக்குள் போய்விடுவேன். தெரிந்தவர்கள் கண்டால், "அண்ணை, உள்ளுக்கை என்ன வேலை?" என்று கேட்பார்கள். "சத்தம் போடுற வேலை" என்பேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் மோரீன். ஐம்பதைத் தாண்டிய லிவர்பூல் பெண். வாழ்நாள் முழுதும் சத்தத்துக்குள் நின்றவர், ஆனால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலைக்கு வருகிற எல்லாருடைய உள்ளங்கையிலும் முதல் வேலையாகக் காதடைப்பான் இரண்டை வைப்பார். வாங்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. மற்றவர் மேசையில் கை வைக்கவே மாட்டார். நாங்கள் தடுமாறும்போது பின்னால் வந்து, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, "இப்ப உமக்கு என்ன கேக்குது?" என்று மட்டும் கேட்பார். (அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். என் மனதுக்குள் அது எங்கள் பேச்சாகவே பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.) நான் பதில் சொல்லச் சொல்லப் பிழை தானாகத் தெரிந்துவிடும். சொல்லித் தராமலே வேலை வாங்குகிற வித்தை அது. எனக்குச் சில நாட்களில் எரிச்சலும் வரும்.

மொனிட்டர் மேசைக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் இரண்டு. முதலாவது, ஒருவர் தன் பெட்டியில் என்ன கேட்டார் என்பதை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. இதை வெளியாட்கள் அற்பமாக நினைப்பார்கள். ஒரே மேடையில் நிற்கிற காதலர்களில் ஒருத்தி பாட்டின் நடுவே என்னைப் பார்த்து விரலைக் கீழே காட்டி, அவன் கிட்டாரைக் குறைக்கச் சொல்வாள். அடுத்த வாரம் இன்னும் குறை என்பாள். கடைசியில் முழுதாக எடுத்துவிடு என்பாள். அவர்கள் பிரியப்போவது அவனுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். "வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். எங்கள் வேலையில் வாய் இல்லாத பிள்ளைதான் பிழைத்தது.

இரண்டாவது சட்டம், ஒருவர் தன் இடத்தை விட்டு அகன்றால் அவருடைய பெட்டியின் ஃபேடரை, அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் அந்தச் சறுக்குக் கட்டையை, உடனே கீழே இழுத்துவிட வேண்டும். வெறும் மைக் ஊளையிடாமல் இருக்க அது ஒரு காரணம். அவருக்காகச் செய்த கலவையை வேறொருவர் வந்து நின்று கேட்டுவிடக்கூடாது என்பது மற்றக் காரணம். அடுத்தவர் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பது போன்றது அது என்பார் மோரீன்.

இந்த இரண்டு சட்டத்துக்கும் சோதனையாக வந்தது ஒரு இசைக்குழு. 'கோல் டஸ்ட் கசின்ஸ்' என்று பெயர். நிலக்கரித்தூசி மச்சான்மார் என்று நானும் வசந்தியும் வீட்டில் மொழிபெயர்த்துச் சிரிப்போம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒத்திகைக்கு எங்கள் மண்டபத்தைப் பகலில் எடுப்பார்கள், மாதத்துக்கு ஒருமுறை மாலையில் நிகழ்ச்சி வைப்பார்கள். குழுவின் தலைவி நோரா பான்ஜோ வாசித்துப் பாடுவாள். அவளுடைய தம்பி டானி பிடில். பீட் என்ற ஒரு பெரிய உருவம் ட்ரம்ஸ். அவன் அடித்தால் தேநீர்க் கோப்பை நடந்துபோகும். இன்னொருவன் பேஸ் கிட்டாரோடு மூலையில் நிற்பான், அவன் பேசி நான் அறியேன்.

நோராவும் டானியும் கிழக்கு லண்டனில் வளர்ந்தவர்கள். தகப்பன் அமெரிக்கர், அந்த நாட்டு மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்கக் குடும்பம். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். சுரங்கம் இடிந்து புதைந்தவனைப் பற்றி, ஆற்றில் தள்ளப்பட்ட பெண்ணைப் பற்றி, தூக்குக்குப் போகிறவன் தாய்க்குச் சொல்லியனுப்பியதைப் பற்றி. இருந்து மெதுவாகப் பாடினால் கண்ணீர் வரும். நோரா அதை எடுத்து, பங்க் ராக் குழுக்கள் வாசிக்கிற வேகத்தில், அவர்கள் கத்துகிற கத்தலில், தலைகால் தெரியாமல் ஓட விட்டாள். இளசுகள் குதிப்பார்கள். குதித்துக்கொண்டே செத்தவனுடைய பெயரைக் கூடவே கத்துவார்கள்.

முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. இதென்ன, இழவுப் பாட்டுக்குக் கூத்தா என்று நினைத்தேன். இரண்டாம் நாள் யோசித்தேன். எங்கள் செத்தவீட்டில் பறையும் ஒப்பாரியும் ஒரே முற்றத்தில்தானே நடக்கின்றன? ஒன்றை ஒன்று கெடுத்ததாக யாரும் சொன்னதில்லையே. அன்றிலிருந்து எனக்கு அந்தக் குழுவைப் பிடித்துவிட்டது. நோராவின் குரலில் உண்மையான கோபம் இருந்தது. அந்தச் சுரங்கம் இடிந்தது நேற்று என்பது போலப் பாடுவாள்.

டானி பிடில் வாசிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் போலத் தாடைக்குக் கீழே வைக்கமாட்டான். மார்பில், இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே, சாய்த்து வைத்துக்கொள்வான். அந்த மலைநாட்டுப் பழைய பிடில்காரர்களின் வழக்கம் அது. தாடை சும்மா இருப்பதால் வாசித்துக்கொண்டே பாடலாம், ஆடுகிறவர்களை அதட்டலாம். தகப்பன் அப்படித்தான் பிடித்தாராம். ட்ரம்ஸும் மின்சாரமும் வேகமும் எல்லாம் புதிதாக வந்த குழுவில் தகப்பனிடமிருந்து மாறாமல் மிஞ்சியிருந்தது அந்தப் பிடி ஒன்றுதான். அக்காவின் குரலுக்குக் கீழே தம்பி ஒரு குரல் கொடுப்பான். பாட்டின் உயிரே அந்த இரண்டாம் குரலில்தான் இருந்தது.

ஒரு நாள் ஒத்திகையில் டானி பிடிலைத் தாடைக்குக் கொண்டுபோனான். பாடவில்லை. நோரா வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன இது?"

"இப்பிடி வைச்சால் கை லேசா இருக்கு."

"அப்பாவுக்குக் கை பாரமாயே இருந்தது?"

அவன் தாடையிலேயே வைத்து வில்லை இழுத்தான். அடுத்த ஒத்திகையிலும் தாடைதான், அதற்கு அடுத்ததிலும் தாடைதான். இதற்கிடையில் சில பகல்களில் காரணம் சொல்லாமல் எங்கோ போய்வரவும் தொடங்கினான். வட லண்டனில் வசதியான குழு ஒன்றுக்குப் படித்த பாணியில் வாசிக்கிற பிடில்காரர் தேவைப்படுகிறதென்ற செய்தி பீட் மூலம் நோராவின் காதுக்கு வந்தது. அவள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். தாடைக்கு ஏறிய பிடில், காரணமில்லாத பயணம். தம்பி தகப்பனையும் தன்னையும் விட்டுவிட்டுப் போகப் பழகுகிறான் என்று முடிவு கட்டினாள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவள்தான் அப்படி ஒரு முடிவுக்கு வரமுடியும். வேறு யாராவது என்றால் பிடிலை எங்கே வைத்தால் என்ன என்று விட்டிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது வேறு. டானி என்னிடம் ஒவ்வொரு முறையும், "யோக், பிடிலைக் கூட்டும்" என்பான். என் பெயர் யோகராசா, அங்கே அது யோக்கோடு நின்றுவிட்டது. கூட்டினால், "கூர்மை காணாது, மேல் சுருதி ஒண்டும் வருகுதில்லை" என்பான். பிறகு இன்னும் கூட்டச் சொல்வான். ஒரு மனிதன் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, அதே பிடிலுக்கு, மேல் சுருதியை மட்டும் மேலும் மேலும் கேட்கிறான் என்றால் குறை பெட்டியில் இல்லை.

நிச்சயமாகத் தெரிந்தது ஒரு பிற்பகலில். நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் வேண்டுமென்றே ஊளையிட வைப்போம். மைக்கைத் திறந்து, ஒலியை மெல்ல மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் அது கத்தத் தொடங்கும். எந்தச் சுருதியில் கத்துகிறதென்று காதால் பிடித்து, அந்தச் சுருதியை மட்டும் வெட்டிவிட வேண்டும். பிறகு மறுபடி ஏற்றுவோம், வேறொன்று கத்தும், அதையும் வெட்டுவோம். பொறுமையும் பல்லைக் கடிக்கிற பழக்கமும் வேண்டும். அன்று டானியின் பெட்டி ஊசி போல ஒரு சுருதியில் கத்தியது. பீட் குச்சிகளைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். நோரா என்னைத் திட்டினாள். மண்டபத்தின் கடைசியில் கூட்டிக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். டானி அந்தப் பெட்டிக்கு நேரே குந்தியிருந்து, பிடிலின் தந்தியை நிதானமாக முறுக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் ஒலியைக் கீழே இறக்கினேன். பிடில் தாடைக்கு ஏறியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மரம் தாடை எலும்பில் பட்டால் அதிர்வு மண்டைக்குள் போகும். காதில் விழாததை எலும்பால் பிடித்துக்கொண்டிருந்தான் பெடியன். தன் குரல் சுருதியில் நிற்கிறதா என்று தெரியாததால் பாடுவதையும் விட்டிருக்கிறான்.

சாமான் இறக்கும் முற்றத்தில் அவனைத் தனியே கண்டு கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினான். நான் விடவில்லை. கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வாறன். மேல் சுருதி எல்லாம் போயிட்டுதாம். இப்பிடியே ட்ரம்ஸுக்கு முன்னால நிண்டால் மிச்சமும் போகுமாம்."

"அக்காவுக்குச் சொல்லும்."

"அமெரிக்காப் பயணம் முடியட்டும், சொல்லுறன்."

அந்தப் பயணம்தான் அவர்களுடைய பெரிய கனவு. தகப்பனின் மலைநாட்டு ஊர்களிலேயே போய் அந்தப் பாட்டுகளைப் பாடப்போகிறார்கள். அடுத்த மாதம் கிளம்பவிருந்தார்கள்.

"பயணம் முடியேக்க உமக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன்.

சுவரிலிருந்து நிமிர்ந்தான். "யோக், ட்ரம்ஸைக் கொண்டுவந்தது நோரா. நான் வேண்டாமெண்டு வருசக்கணக்கா அவளோட சண்டை பிடிச்சனான். இப்ப போய் இதைச் சொன்னால், அந்தச் சண்டையில நான் வெண்ட மாதிரி இருக்கும். எனக்கு அந்த வெற்றி வேண்டாம். அவள் அதுக்குப் பிறகு வாயைத் திறந்து பாடமாட்டாள்."

அன்பு சில வேளைகளில் எவ்வளவு மடைத்தனமாக நடக்கும் என்பதை அன்றைக்குக் கண்டேன். "மொனிட்டர்ல கேட்டது வெளியில போகாதுதானே?" என்று கேட்டான். போகாது என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

அதற்கு அடுத்த வாரம் நோரா என்னுடைய மேசைக்கு வந்தாள். "யோக், இவன் உம்மட்ட என்னத்தைத்தான் கேக்கிறான்? முந்தி இல்லாத ஆர்ப்பாட்டமாக் கிடக்கு" என்றாள். வழக்கமானதுதான் என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் அவனை விட்டுட்டு அமெரிக்கா போகப்போறன். வேற ஒராளை வரச் சொல்லியிருக்கிறன், வாற நிகழ்ச்சிக்கு வந்து பாட்டுகளைக் கேப்பான். போக நினைக்கிறவன் இப்பவே போகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு வேகமாக மேடைக்குத் திரும்பினாள்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அதுதான் நான். சொன்னால் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்றில் அவன் குழுவை இழப்பான், அல்லது எப்படியோ சமாளித்து அமெரிக்கா போய் மிச்சக் காதையும் இழப்பான். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வசந்தி தோர்ன்டன் ஹீத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள், காது கேளாதவர்களோடு நாள்தோறும் பழகுகிறவள். என்னவென்று கேட்டாள், சொன்னேன். மனைவியிடம் சொல்வது சட்டத்தில் சேராது என்று நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன்.

"உங்கட மோரீன் போட்ட சட்டம் ஆருக்காக?" என்று கேட்டாள். "அந்தப் பெடியனைக் காப்பாத்தவோ, உங்களைக் காப்பாத்தவோ?"

"ரெண்டுக்கும்தான்."

"ரகசியம் காக்கிறது நல்ல காரியம்தான். ஆனா வீடு எரியேக்க வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறதுக்குப் பேர் ரகசியமே?" இதைச் சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள். "எங்கட இல்லத்தில வந்து பாருங்கோ. காது கேக்காதவை வயசால தனிச்சுப் போகேல்லை. விளங்காட்டியும் சிரிச்சுக்கொண்டிருந்து பழகினதாலதான் தனிச்சுப் போச்சினம்."

"செவிடன் காதில் ஊதின சங்கு" என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்குப் பிறகு அந்தப் பழமொழி என் வாயில் வந்ததில்லை.

மோரீனிடமும் போனேன். பெயர் சொல்லவில்லை, அவருக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "நாங்கள் சொல்லுறேல்லை, யோக்" என்றார். "ஒரு தரம் சொன்னால், பிறகு ஒருத்தரும் எங்களிட்ட உண்மையாக் கேக்கமாட்டினம். தனக்குக் கேக்கேல்லை எண்டு சொல்ல ஒருத்தனுக்கு இருக்கிற ஒரே இடம் இந்த மேசைதான்." அதுவும் உண்மைதான். இரண்டு பெண்களும் சொன்னது இரண்டும் உண்மை. அதுதான் கரைச்சல்.

நிகழ்ச்சி நாள் வந்தது. பிற்பகல் ஒலி பார்க்கிற நேரம். எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். டானி தாடையில் பிடிலோடு நின்றான். சுரங்கப் பாட்டு தொடங்கியது. இரண்டாம் குரல் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. நோரா கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

"கடைசியா ஒருக்காக் கேக்கிறன், டானி. அதை நெஞ்சில வை. பாடு."

"ஏலாது."

"ஏலாதோ, விருப்பமில்லையோ?"

"ஏலாது."

நோரா பான்ஜோவைக் கழற்றி வைத்தாள். "தா இஞ்ச, அப்பா எப்பிடிப் பிடிச்சவர் எண்டு நான் காட்டுறன்" என்று அவனை நோக்கி நடந்தாள். அவன் பிடிலையும் வில்லையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் மேடையின் பின்பக்கம் தண்ணீர்ப் போத்தல் இருந்த மேசைக்குப் போனான். இடம் காலியானது. சட்டப்படி அந்தக் கணத்திலேயே நான் அவனுடைய ஃபேடரைக் கீழே இழுத்திருக்க வேண்டும். விரல் அதன் மேலேதான் இருந்தது. கை பழக்கத்தில் தானாக இறங்கப் பார்த்தது, நான் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் மோரீன் நிற்கிறார் என்று தெரியும். அவருடைய மூச்சுக்கூடக் கேட்டது.

நோரா டானியின் இடத்தில் நின்று, பிடிலை மார்பில் வைத்து, வில்லை இழுத்தாள்.

இரும்புத் தகட்டில் ஆணியால் கீறியது போல ஒரு சத்தம் அவள் காலடிப் பெட்டியிலிருந்து முகத்தில் அடித்தது. வில் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பீட் சிரித்தான். "யோக், நித்திரையே?" என்று கத்தினான். பேஸ்காரன்கூடச் சிரித்தான்.

நோரா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கையை ஃபேடரிலிருந்து எடுத்து, மேசையின் ஓரத்தில் வைத்தேன். அவள் குனிந்து வில்லை எடுத்து, இந்த முறை மெதுவாக, ஒரு தந்தியை மட்டும் இழுத்தாள். அதே சத்தம். அவள் பாட்டுக்காரி, அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவ்வளவு கூர்மையையும் அவ்வளவு சத்தத்தையும் கேட்டு வாங்குகிறவனுக்கு உண்மையில் எவ்வளவு கேட்கும் என்பதை அவள் முகம் கணக்குப் பார்த்தது.

பின்னால் டானி இன்னமும் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சத்தத்துக்கும் அவன் திரும்பவில்லை.

"டானி" என்று நோரா கூப்பிட்டாள். சாதாரணக் குரலில்தான். அவன் திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய், "டானி" என்றாள். பீட்டின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் போய்த் தம்பியின் தோளைத் தொட்டாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். திரும்பியவன் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தான்.

"எப்ப தொடக்கம்?"

அவன் சொன்னான். நான் அதைக் கேட்கவில்லை, கேட்க விரும்பவும் இல்லை. மைக்குகள் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். ஆனாலும் நோரா அழுதது கேட்டது. "நான்தானே... நான்தானே இந்த ட்ரம்ஸைக் கொண்டுவந்தனான்" என்று அழுதாள். டானி, "என்னை மேடையில கட்டியே வைச்சனி? நானாத்தான் நிண்டனான்" என்று அதட்டியதும் கேட்டது. அவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அன்று மாலை நிகழ்ச்சி நடந்தது. பீட் குச்சிகளை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, ட்ரம்ஸை மெல்லத் தடவி வாசிக்கிற கம்பித் தூரிகைகளை எடுத்துவந்தான். குதிக்க வந்த இளசுகள் முணுமுணுத்தார்கள், சிலர் பாதியில் வெளியே போனார்கள். நோரா வழக்கமான வேகத்தில் பாதியில் பாடினாள். பாட்டு கேட்க வந்த புதுப் பிடில்காரனை வாசலிலேயே கைகுலுக்கி அனுப்பிவிட்டாள். அமெரிக்கப் பயணம் நின்றுபோனது. பீட் வேறு குழுவில் சேர்ந்தான்.

டானி போகும்போது என்னைத் தாண்டித்தான் போனான். "ஃபேடரை வேணுமெண்டுதானே திறந்து விட்டனீர்?" என்று கேட்டான். ஓம் என்றேன். பிடில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் மோரீன் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். வாங்கித் தந்துவிட்டு, இனி நான் முன்மேசையில் நிற்க வேண்டும் என்றார்.

"தண்டனையே?" என்று கேட்டேன்.

"இல்லை. உம்மட இடத்தில நிண்டிருந்தால் நானும் கையை இறக்கியிருக்கமாட்டன். ஆனா மேடையில இருந்தவை எல்லாரும் அதைக் கண்டவை. நாளைக்கு அந்த மேசைக்கு முன்னால நிக்கிறவன் உம்மை நம்ப வேணும்."

கோபம் வந்தது, மறுக்கமாட்டேன். அந்த ஓரத்து இருட்டை நான் நேசித்தேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை சொல்ல முடியவில்லை. திரும்ப அந்த நாள் வந்தாலும் விரலை இறக்கமாட்டேன், மேசையையும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன். முன்மேசையில் மிச்ச வேலைக்காலம் நன்றாகவே போனது. அபிராமி கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

நோராவும் டானியும் ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் இருவருமாக வந்தார்கள். ட்ரம்ஸ் இல்லை, ஒரு பெரிய மர பேஸ் மட்டும், அதற்கு ஒரு புதுப் பெண். வேகமும் கோபமும் குறையவில்லை, காலால் மேடைப் பலகையை உதைத்து அதே பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்று சொன்னார்கள். ஒலி பார்க்கத் தொடங்குமுன் டானி மேடையிலிருந்து குதித்து, மண்டபத்தின் நடுவே என் மேசைக்கு நேரே வந்தான். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தான். மறைக்கத் தலைமயிர் வளர்க்கவும் இல்லை. என்ன சொல்லப்போகிறானோ என்று காத்து நின்றேன்.

"மொனிட்டர்ல இப்ப ஆர்?" என்று கேட்டான்.

"போலந்துக்காரர் ஒராள். நல்ல வேலைக்காரன்."

"வாய் திறக்காத ஆளோ?"

"என்னைவிட நல்ல ஆள்" என்றேன்.

அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாக வாசித்துவிட்டான் போலும், சிரிப்பு மெல்ல வந்தது.

"அப்ப அந்த ஆளிட்டச் சொல்லும், டானிக்குக் காது சரியில்லை எண்டு. காதுக்குள்ள குசுகுசுக்க வேண்டாம். இஞ்ச நிண்டே, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கத்திச் சொல்லும். அப்பத்தான் எனக்கும் கேக்கும்."